பெங்களூர் தண்டில் ஒரு பெயரைத் தேடிப் போவது எப்படி? பழைய கட்டடம், போர் நினைவுக்கல், பதிவேடு: முழுமையான வழிகாட்டி

பெங்களூர்த் தமிழர்களிடம் "நம்ம ஆளுங்க இங்க எப்ப வந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டே பதில்தான் வரும். ஒன்று "சோழர் காலத்திலேயே". இன்னொன்று "எங்க தாத்தா காலத்துல". இரண்டுக்கும் நடுவில் இருப்பதை யாரும் தொடுவதில்லை. ஆனால் அந்த நடுப்பகுதிதான் இன்றும் பிரிகேட் ரோடு முனையிலும் அல்சூர் சந்துகளிலும் சர்ச் சுவர்களிலும் பெயர் பெயராகக் கிடக்கிறது. அதைப் படிக்கப் பட்டம் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு நோட்டு, கொஞ்சம் வெட்கமில்லாமல் கேள்வி கேட்கும் குணம், இவை போதும்.

ஊர் வரலாறு முழுவதையும் தெரிந்துகொள்கிறேன் என்று கிளம்பினால் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே சலித்துவிடும். ஒரு தெரு, அதில் ஒரு கட்டடம், அதில் ஒரு பெயர் என்று இறங்குங்கள். அந்தப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் ஊர் தானாகப் பின்னால் வரும். இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது பாதி வேலைதான். யாரைப் பெயர் போடாமல் வெறும் எண்ணிக்கையாக விட்டார்கள் என்று பார்ப்பது மீதி வேலை.

எல்லையைச் சின்னதாகப் போடுங்கள்

1799-இல் திப்பு விழுந்த பிறகு ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. அங்கே காய்ச்சல் தாங்கவில்லை. 1809-இல் அல்சூர் ஏரிக்கு மேற்கே கன்டோன்மென்ட் போட்டார்கள். சென்னை ராஜதானியின் படை அது. சிப்பாய்கள், அவர்கள் குடும்பங்கள், அரிசி மண்டிக்காரர்கள், கொத்தனார்கள், தையல்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள் என்று பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள் கூடவே வந்தார்கள். படை முகாமைத் தண்டு என்பார்கள். சிவாஜிநகரில் தண்டு மாரியம்மன் கோயில் அந்தப் பெயரை இன்னும் வைத்திருக்கிறது.

ஆகவே நாம் தேடப்போகும் பகுதி: கிழக்கே அல்சூர், வடக்கே சிவாஜிநகர், தெற்கே பிரிகேட் ரோடு. பர்ப்பிள் லைனில் ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) மெட்ரோவில் இறங்கி எம்.ஜி. ரோடு வரை நடக்கும் தூரம். கோட்டை, பேட்டை, மல்லேஸ்வரம் எல்லாம் பிறகு. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அங்கே போவோம்.

முதல் படி: தெருப் பலகை

கேமராவை எடுக்காமல் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். பலகைகளை மட்டும் படியுங்கள். நாராயண பிள்ளை ஸ்ட்ரீட், வீர பிள்ளை ஸ்ட்ரீட், மீனாட்சி கோயில் ஸ்ட்ரீட், தர்மராஜா கோயில் ஸ்ட்ரீட் என்று ஒரு வகை. இன்ஃபன்ட்ரி ரோடு, ஆர்ட்டிலரி ரோடு, பிரிகேட் ரோடு என்று இன்னொரு வகை. முதலாவது பணம் போட்டவர்களின் பெயர், அல்லது சாமி பெயர். இரண்டாவது, எந்தப் படைப்பிரிவு எங்கே கூடாரம் போட்டது என்பதற்கான வரைபடமே. கேவல்ரி ரோடு இப்போது காமராஜ் ரோடு. எம்.ஜி. ரோடு முன்பு சவுத் பரேட். அணிவகுப்பு மைதானத்துக்குத் தெற்கே போன சாலை அது.

அல்சூர் ஏரிப் பக்கம் போனால் மூன்றாவது வகை ஒன்று தட்டுப்படும்: அசாய் ரோடு, மியானி அவென்யூ. இவை ஆளுமில்லை, சாமியுமில்லை. 1803-இல் மராட்டியருடன் நடந்த அசாய் சண்டை, 1843-இல் சிந்துவில் நடந்த மியானி சண்டை. இரண்டிலும் மெட்ராஸ் ஸாப்பர்கள், அதாவது பாலம், பாதை, கண்ணிவெடி வேலைகளைப் பார்க்கும் பொறியியல் படையினர், இருந்தார்கள். 1780-இல் தொடங்கிய படை அது. இப்போது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், ஊர் வழக்கில் எம்.இ.ஜி. அதன் சிப்பாய்களுக்கு ராணுவம் முழுவதும் ஒரே பெயர்: 'தம்பி'. ஏரிக்கரையில் நடப்பவர்கள் தினமும் போர்க்களப் பெயர்களுக்கு நடுவேதான் நடக்கிறார்கள்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: இப்போதைய பெயர், பழைய பெயர், பெயருக்குக் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொல்வது. மூன்றாவது பத்தியைப் பென்சிலில் எழுதுங்கள். அதில் பாதி பிறகு மாறும்.

இரண்டாம் படி: கட்டடத்தைப் படிப்பது

பழைய கட்டடம் என்றதும் தூண்களையும் கம்பி வேலைப்பாட்டையும் பார்க்கிறோம். காலத்தைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் கூரைதான். உள்ளே போக விட்டால் அண்ணாந்து பாருங்கள். மர உத்தரங்களின்மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, கோணலாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது மெட்ராஸ் டெர்ரஸ். இரும்பு உத்தரங்களுக்கு நடுவே செங்கல் குறுக்கு வளைவுகள் ஓடினால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. அந்த இரும்பில் டார்ச் அடியுங்கள். வார்த்த கம்பெனியின் பெயர் புடைப்பாக இருக்கும். 'டார்மன் லாங், இங்கிலாந்து' என்று இருந்தால் கப்பலில் வந்த இரும்பு. 'டாட்டா' என்று இருந்தால் ஜாம்ஷெட்பூர் உலை 1912-இல் உருக்கு வார்க்கத் தொடங்கிய பிறகு வந்தது. வீட்டுக்காரரே கவனித்திருக்க மாட்டார்.

சாய்ப்பு ஓடாக இருந்தால், உடைந்து கீழே கிடக்கும் ஒரு ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். மங்களூரில் பேசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். ஓட்டின் முதுகில் கம்பெனி முத்திரை இருக்கும், சிலவற்றில் ஆண்டும் இருக்கும். ஆனால் ஓடு மாற்றுவது வழக்கம் என்பதால், வீடு அந்த ஓட்டைவிடப் பழையதாகவே இருக்கலாம். ஜன்னல்மேல் மரச் சட்டங்களால் கூம்பாக இறங்கும் நெற்றிப்பட்டை, இங்கே எல்லோரும் சொல்லும் மங்கி டாப், கன்டோன்மென்ட் பங்களாக்களின் அடையாளம். இருக்கிறவரை படம் எடுத்து வையுங்கள். இடிக்கும்போது முதலில் கழற்றி விற்பது அதைத்தான்.

அடுத்து, கட்டடத்தைக் கட்டியது யார், கட்டச் சொன்னது யார், பணம் யாருடையது என்ற மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். அஸ்திவாரக் கல்லில் பெரும்பாலும் இரண்டாவது ஆளின் பெயர்தான் இருக்கும். கப்பன் பார்க்கில் இருக்கும் சிவப்புக் கட்டடம், அட்டாரா கச்சேரி, இன்றைய ஹைகோர்ட். 1868-இல் முடிந்தது. இன்ஜினியர் சாங்கியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அவர் பெயரில் ஏரியே இருக்கிறது. கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873-இல் தொடங்கிய பள்ளிதான் டிக்கின்சன் ரோட்டில் இருக்கும் ஆர்.பி.ஏ.என்.எம். அந்த ஐந்து எழுத்தை விரித்தால் ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அந்தப் பள்ளியில் படித்த எத்தனையோ பேருக்கு விரிவு தெரியாது. ஹைகோர்ட் கூரையிலிருந்து பள்ளி கேட் வரை ஒரே ஆளைப் பின்தொடர முடிகிறது. இந்த மாதிரி ஒரு சங்கிலி கிடைத்துவிட்டால் அந்த வாரம் போதும், வீட்டுக்குப் போகலாம்.

மூன்றாம் படி: கல்லைப் படிப்பது

இங்கே கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

உச்சி வெயிலில் கல்லெழுத்து தெரியாது. காலை ஏழரை, இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல் போங்கள். வெயில் பக்கவாட்டில் விழும்போது தேய்ந்த எழுத்தின் ஓரத்தில் நிழல் விழும். வெயில் கிடைக்காத மூலையில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். முதலில் இடப்பக்கம், பிறகு மேலிருந்து. ஒரே இடத்தில் நின்று நாலு கோணத்தில் ஒளி கொடுத்து நாலு படம். பிறகு மொபைலில் கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட் ஏற்றினால், நேரில் தெரியாத எழுத்து எழும்பி வரும். சாக்பீஸ் தேய்க்காதீர்கள். மாவு, ஷேவிங் க்ரீம், ஆசிட் எதுவும் வேண்டாம். எண்ணெய் ஏறிய கோயில் கல்லைச் சுரண்டவே கூடாது. முதல்முறை பார்க்கிறவர் கண்ணில் நீங்கள் நல்லவராகத் தெரிய வேண்டியதும் முக்கியம்.

ஆண்டு எழுதும் வகை பல. பழைய தமிழ்க் கல்லறையிலோ கோயில் உபயக் கல்லிலோ ௲௮௱௯௰௩ என்று இருந்தால் பயப்படாதீர்கள். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ஆயிரத்து எட்டுநூற்றுத் தொண்ணூற்று மூன்று, அதாவது 1893. கலி ஆண்டு என்றால் 3101 கழியுங்கள். சக ஆண்டு என்றால் 78 கூட்டுங்கள். ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது அறுபதாகப் பின்னே போக வேண்டும். விகாரி என்று இருக்கிறதா? 2019, 1959, 1899. சித்திரையில் தொடங்குவதால் ஆங்கில ஆண்டு ஒன்று முன்பின் ஆகலாம். எந்த விகாரி என்று முடிவு செய்ய எழுத்தின் உருவம், கல்லின் நிலை, பக்கத்தில் இருக்கும் பெயர்கள் உதவும்.

எழுத்தின் உருவம் என்றால், லை, ளை, னை, ணை ஆகியவற்றைப் பழைய யானைத்துதிக்கைக் கொம்போடு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். ஆனால் அந்த அரசாணை பெங்களூர் பெயின்டர்களைக் கட்டுப்படுத்தவில்லை. பழக்கத்தில் பழைய எழுத்தையே எழுதிக்கொண்டிருந்தவர்கள் இங்கே உண்டு. ஆகவே இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வையுங்கள்.

இன்னும் பழைய கல் வேண்டுமென்றால் தோம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் போங்கள். அங்கே இருப்பவை தமிழ்க் கல்வெட்டுகள். ஊரைத் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் சொல்கின்றன. திரிபுராந்தகன் செட்டியார், அவர் மனைவி பார்வதி ஆகியோரின் கொடை ஒன்றில் வருகிறது. நேரில் படிக்க வராவிட்டால் பரவாயில்லை. பி. எல். ரைஸ் தொகுத்த எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதி, 1905, பெங்களூர் மாவட்டம் முழுவதற்குமானது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு. நிருபதுங்கா ரோட்டில் இருக்கும் மிதிக் சொசைட்டி, 1909-இல் தொடங்கிய அமைப்பு, இப்போது பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்து வருகிறது. முதலில் புத்தகத்தில் வாசகத்தைப் படித்துவிட்டு அப்புறம் கல்லின் முன்னால் நின்றால், எழுத்து ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பிடிபடும்.

நான்காம் படி: போர் நினைவுச் சின்னம்

இந்த ஊரின் பெயர் கல்லில் வரும் மிகப் பழைய இடமே ஒரு போர் நினைவுக்கல்தான். பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் இருக்கும், சுமார் 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த பழங்கன்னடக் கல்வெட்டு. கங்கர் காலத் தலைவன் நாகத்தரனைச் சேர்ந்தவர்கள் பெங்களூருச் சண்டையில் இறந்ததைச் சொல்கிறது. வீர பல்லாளன் காட்டில் வழிதவறி வேகவைத்த பயறு சாப்பிட்டதால் ஊருக்குப் பெயர் வந்தது என்ற கதையை இன்றும் வழிகாட்டிகள் விடாமல் சொல்கிறார்கள். பல்லாளன் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆள். கல் அவனுக்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் மூத்தது. பேகூரிலிருந்து வந்த பெரிய நடுகல் ஒன்று கஸ்தூர்பா ரோடு மியூசியத்தில் இருக்கிறது. யானையும் குதிரையுமாக முழுச் சண்டையே செதுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, கோளரங்கம் பக்கத்திலுள்ள தேசிய ராணுவ நினைவிடத்துக்கு நடந்து போங்கள். அங்கே 75 அடி உயர ஒற்றைக் கல்லுக்கு வைத்த பெயரும் வீரகல்லு, நடுகல்லுக்குக் கன்னடப் பெயர்.

இப்போது பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேரும் முனைக்கு வாருங்கள். அங்கே இருக்கும் தூணை ஆயிரம் தடவை கடந்திருப்பீர்கள். முதல் உலகப்போரில் இறந்த மெட்ராஸ் பயனியர் படையினருக்காக எழுப்பியது. ஊரில் பலர் இதை ஸாப்பர் தூண் என்பார்கள். பயனியர் வேறு, ஸாப்பர் வேறு. பயனியர்கள் துப்பாக்கியும் பிடிப்பார்கள், மண்வெட்டியும் பிடிப்பார்கள். சாலை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது, தேவைப்பட்டால் சண்டை போடுவது அவர்கள் வேலை. அதில் 61-ஆம் பயனியர் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கியது. ஆங்கிலேயருக்கு மோசமான தோல்வி அது. பயனியர் படைகளை 1930களின் தொடக்கத்தில் கலைத்துவிட்டார்கள்.

எந்த நினைவுச் சின்னத்தின் முன் நின்றாலும் இந்தக் கேள்விகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். யார் எழுப்பினார்கள்: படையா, அரசா, நண்பர்களா, குடும்பமா? எந்த மொழியில்? பெயர்கள் இருந்தால் எந்த வரிசையில்: பதவிப்படியா, அகர வரிசையா? பிரிட்டிஷ் அதிகாரிக்கு முழுப் பெயர், இந்தியருக்கு எண்ணிக்கை மட்டும் என்று இருக்கிறதா? எந்தப் பக்கத்துச் சாவைப் பற்றிக் கல் பேசவே இல்லை?

கடைசிக் கேள்விக்கு நல்ல இடம் கே.ஆர். மார்க்கெட் பக்கம் இருக்கும் கோட்டை. கிரீன் லைனில் போகலாம். மதிலில் ஒரு சின்னப் பலகை, இந்த உடைப்பின் வழியாக 1791 மார்ச் 21 அன்று பிரிட்டிஷ் தாக்குதல் நடந்தது என்கிறது. உள்ளே நின்று தடுத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோட்டைத் தளபதி பகதூர் கான் அன்று அங்கேயே இறந்தார். அதே முற்றுகையில் இறந்த ஆங்கிலேயத் தரப்பினருக்கு ஹட்சன் சர்க்கிளில் ஒரு பெரிய தூண் இருந்தது. அந்த நினைவுத்தூணின் ஆங்கிலப் பெயரால் சாலைக்கே செனடாஃப் ரோடு என்று பெயர். அடிமைச் சின்னம் என்று எதிர்ப்புக் கிளம்பி 1964-இல் அதை இடித்தார்கள். சாலை நிருபதுங்கா ரோடு ஆயிற்று. இடித்தது சரியா தப்பா என்று என்னோடு பலர் சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு இடித்ததில் வருத்தமில்லை, கல்லைப் பத்திரப்படுத்தாமல் விட்டதில்தான் வருத்தம். பழைய புகைப்படங்களும் அச்சில் வந்த வாசகமும் இருப்பதால்தான் அதைப் பற்றி இன்று பேசவாவது முடிகிறது. இன்று நிற்கும் கல்லை நீங்கள் படம் எடுத்து வைக்க வேண்டியதற்கும் அதுதான் காரணம்.

ஜே.சி. நகரில் மைசூர் லான்ஸர் நினைவிடம் இருக்கிறது. 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவில் ஜோத்பூர்க் குதிரைப்படையோடு சேர்ந்து பாய்ந்தவர்கள். சமஸ்தானப் படை, ஆங்கிலேயக் கன்டோன்மென்ட் படை அல்ல. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், இந்த ஊரில் இரண்டு அரசுகள் பக்கத்துப் பக்கத்தில் நடந்தது புரியும்.

சர்ச்சுகளை மறக்க வேண்டாம். செயின்ட் மார்க்ஸ், 1816-இல் அர்ப்பணம் செய்தது. ட்ரினிட்டி, 1850களின் தொடக்கம், படைக்காரர்களுக்கென்றே கட்டியது. சுவர் முழுவதும் பித்தளை, சலவைக்கல் பலகைகள். தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமானவை சிவாஜிநகர் புனித மரியாள் பசிலிக்காவும் 1840-இல் தொடங்கிய புனித பவுல் தமிழ் ஆலயமும். ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு போங்கள். செக்ரட்டரியிடமோ சாமியாரிடமோ கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். எம்.இ.ஜி. வளாகம் ராணுவ இடம். கேட்டுக்கு வெளியே நின்று மொபைலைத் தூக்கினாலே பிரச்சனைதான். மியூசியம் பார்க்க எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு பெயரை எடுத்துக்கொண்டு கிளம்புவது

உதாரணத்துக்கு ஒரே பெயர்: சுப்பிரமணியன். மெட்ராஸ் ஸாப்பர்ஸ், சுபேதார். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தபோது ஒன்று தூண்டப்பட்டுவிட்டது. வெடிக்கச் சில விநாடிகள். அதன்மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு அவருக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது.

அவருக்குப் பதக்கம் இருப்பதால் கண்டுபிடிப்பது சுலபம். பதக்கமில்லாத இன்னொரு சுப்பிரமணியனை எப்படித் தேடுவது? காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் தேடல் இலவசம். 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரை, 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரை இறந்தவர்கள் அதில் இருப்பார்கள். பெயரை மட்டும் போட்டால் கடலில் ஊசி. இந்தியப் படை என்று வடிகட்டுங்கள், பிறகு படைப்பிரிவு. படையின் பெயர் காலத்துக்குக் காலம் மாறும். முதல் போரில் '2-ஆவது, விக்டோரியா ராணியின் ஸாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்', இரண்டாம் போரில் அதிலேயே 'மெட்ராஸ்' சேரும். இன்றைய பெயரைப் போட்டால் ஒன்றும் வராது.

ஆங்கில எழுத்து அடுத்த தலைவலி. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். சாமி 'சாவ்மி' ஆகியிருக்கும். 'உ' வரும் இடத்தில் இரட்டை 'ஓ' போட்டிருப்பார், குப்புசாமியும் முனுசாமியும் அப்படித்தான் கிடைப்பார்கள். பிள்ளைக்கு 'ஏ-ஒய்', நாயுடுவுக்கு மறுபடி இரட்டை 'ஓ'. நாராயணசாமிக்கு இரண்டு 'ஆர்'. முதல் மூன்று எழுத்தை மட்டும் போட்டுத் தேடுவது நல்ல வழி. ஊர் பெயரும் பழைய ஆங்கில உச்சரிப்பில் இருக்கும்: செங்கல்பட்டு, வட ஆற்காடு, திருச்சி, திருநெல்வேலி எல்லாவற்றையும் அந்தக் கால எழுத்தில் போடுங்கள். இரண்டாம் போர்ப் பதிவுகள் பலவற்றில் 'இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்னாரின் கணவர்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் பொக்கிஷம். தாத்தாவின் தம்பி பர்மாவில் போனார் என்று வீட்டில் பேச்சு உண்டென்றால், ரங்கூன் நினைவிடப் பட்டியலை முதலில் பாருங்கள். அதில் சுமார் 27,000 பெயர்கள்.

முதல் போர் என்றால் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். மெசபடோமியாவில் இறந்தவர்களுக்கான பாஸ்ரா நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கிறது, சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கைதான். டில்லி இந்தியா கேட்டில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஆனால் எல்லோரும் அதில் இல்லை. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் பலருக்கு உரிய நினைவு செய்யப்படவில்லை என்று 2021-இல் ஆணையமே அறிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டில் சொந்தக் கிராமம் உள்ளவர்கள் பொங்கலுக்குப் போகும்போது பழைய பள்ளிக்கூடச் சுவரையும் சாவடியையும் ஒரு பார்வை பாருங்கள். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கக்கூடும். அதிலும் பெயர் இருக்காது.

ஆறாம் படி: காகிதம்

மூன்று தேதிகள் கையில் இருந்தால் எந்த ஆவணத்தை எங்கே தேடுவது என்று குழம்ப மாட்டீர்கள். 1881: மைசூர் மறுபடி உடையார் கைக்கு வந்தது, ஆனால் கன்டோன்மென்ட்டை ஆங்கிலேயர் தனியே 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்று வைத்துக்கொண்டார்கள். 1947: அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1949: இரண்டு முனிசிபாலிட்டியும் ஒரே கார்ப்பரேஷன் ஆயின. ஆகவே அல்சூரில் இருக்கும் 1920-ஆம் ஆண்டு வீட்டுக்கு மைசூர் அரசுக் காகிதங்களில் தேடிப் பயனில்லை. ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டின் அலுவலகக் கோப்புகளில்தான் தேட வேண்டும். விதான சௌதா பக்கத்து விகாச சௌதாவில் இருக்கும் கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள். அடையாள அட்டை, எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் கொண்டுபோங்கள். "பழைய பெங்களூர்" என்று கேட்டால் அலமாரியைக் காட்டமாட்டார்கள். தெரு, ஆண்டு, பெயர் என்று கேட்டால் கோப்பு வரும்.

வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் இன்னொரு வாசல். சமீபத்தியதைக் கர்நாடகப் பத்திரப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் எடுக்கலாம். கம்ப்யூட்டருக்கு முந்தையதை சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் கையால் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். நேரமாகும்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடப் பேசுவது ஞானஸ்நானப் பதிவேடுதான். மெட்ராஸ் ஸாப்பர்களில் பறையர் சமூகத்தினரும் கிறிஸ்தவர்களும் பெருமளவில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு நிலப் பத்திரம் இருந்திருக்காது, கல்லில் பெயர் இருந்திருக்காது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று தகப்பன் பெயர், தாய் பெயர், தெரு, தகப்பன் தொழில் எல்லாம் ஒரே வரியில் ஏறியிருக்கும். ஒரு பக்கத்தைத் திறந்தால் வரிசையாக ஸாப்பர், பட்லர், ஸாப்பர், தையற்காரர், பாண்டு வாசிப்பவர், மறுபடி ஸாப்பர். ஒரு தெருவே எழுந்து நிற்கும். பதிவேட்டை நீங்கள் தொடாமல் அவர்களையே பக்கம் புரட்டச் சொல்லுங்கள், எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. அண்மைக் காலத்துப் பக்கங்களில் உயிரோடிருப்பவர்களின் விவரம் இருக்கும், அதைக் கேட்காதீர்கள். ஹோசூர் ரோடு கல்லறைக்குப் போகும்போது இந்தப் பெயர்களை எழுதி எடுத்துப் போனால், வெட்டியானிடமோ வாட்ச்மேனிடமோ குறிப்பாகக் கேட்கலாம்.

ஏழாம் படி: ஆட்களிடம் கேட்பது

"இந்த வீட்டுக்கு எத்தனை வயசு பாட்டி?" என்று கேட்டால் "ரொம்பப் பழசுப்பா" என்பதோடு முடிந்துவிடும். "நீங்க கல்யாணமாகி வந்தப்ப இந்தத் திண்ணை இருந்துச்சா? தண்ணி எங்க பிடிச்சீங்க?" என்று கேளுங்கள். அப்போது பேச்சு வரும். எதிர்வீட்டு நாயுடு, மூலையிலிருந்த அடுப்புக்கரி டிப்போ, ப்ளேக் வந்த காலத்தில் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டதாக மாமியார் சொன்னது என்று ஒவ்வொன்றாக வரும். ப்ளேக் என்று வந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். 1898-இல் இந்த ஊரைப் புரட்டிப் போட்ட நோய் அது. பல மாரியம்மன் கோயில்களின் கதை அங்கே தொடங்குகிறது. ஃப்ரேசர் டவுன் போன்ற பகுதிகள் அகலத் தெருவோடு அமைந்ததற்கும் அந்தப் பயமே காரணம். தெரு வயது தெரிய இது உதவும்.

போரைப் பற்றிக் கேட்கும்போது மெதுவாகக் கேளுங்கள். போனவர் திரும்பாத வீடுகளில் பென்ஷன் யாருக்குப் போனது என்ற சண்டை மூன்று தலைமுறையாக இருக்கலாம். தகரப் பெட்டியிலிருந்து பதக்கம் எடுத்துக் காட்டினால், முகப்பைப் பார்த்துவிட்டு விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கங்களில் சிப்பாய் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை விளிம்பில் பொடி எழுத்தாக இருக்கும். பாலிஷ் போடச் சொல்லாதீர்கள், அந்த எழுத்துதான் முதலில் தேயும்.

எட்டாம் படி: எழுதி வைப்பது, ஒப்படைப்பது

ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அது வந்த இடத்தைக் குறியுங்கள்: கல், காகிதம், வாய்ப்பேச்சு. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் பேனாவில் எழுதலாம். ஒன்றுதான் என்றால் பென்சிலிலேயே இருக்கட்டும். படக் கோப்புக்குத் தெரு, கட்டடம், தேதி என்று பெயர் வையுங்கள். மொபைல் கொடுக்கும் எண்ணோடு விட்டால் ஆறு மாதத்தில் உங்களுக்கே எது எதுவென்று தெரியாது. கல்லின் வாசகத்தைத் தப்பு எழுத்தோடு அப்படியே பகர்த்துங்கள். உங்கள் திருத்தம் தனி வரியில்.

முடிந்ததும் ஒரு பிரிண்ட் எடுத்து, எந்தக் கோயில் அல்லது சர்ச் ஆபீஸ் கதவைத் திறந்ததோ அவர்களிடம் கொடுங்கள். அடுத்து வருகிறவருக்கு அந்தக் கதவு சுலபமாகத் திறக்கும்.

உங்கள் தேடலில் போர்க் காலத்தில் இறந்தும் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒருவர் சிக்கினால், போர்க் கல்லறைகள் ஆணையத்துக்கு எழுதலாம். விடுபட்ட பெயர்களை ஆதாரத்தோடு அனுப்பினால் பரிசீலிக்கிறார்கள். இறந்த தேதி, படைப்பிரிவு, சிப்பாய் எண், சாவுக்கும் படைப் பணிக்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றைக் காட்டும் காகித நகல் வேண்டும். பென்ஷன் புத்தகம், பதக்க விளிம்பின் படம், சர்ச் அடக்கப் பதிவேட்டின் நகல் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். பதில் வர மாதக்கணக்காகும். அதுவரை கடிதத்தின் நகலையும் அனுப்பிய தேதியையும் அதே நோட்டில் ஒட்டி வையுங்கள்.